முளைப்பாரியில் எண்ணும் வேலை பிள்ளைகளுக்கு

ஆடி பிறந்தால் பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் வீடுகளில் முளைப்பாரிப் பேச்சும் எழும். பிள்ளைகள் தலையில் சட்டியை வைத்துப் படம் எடுப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது. அம்மனுக்கு எடுக்கும் முளைப்பாரி, ஊரே சேர்ந்து செய்த விதைச் சோதனையும்தான். ஆடிப் பட்டத்தில் விதைக்கும் முன், யார் வீட்டு விதை தேறும், எது தேறாது என்று பத்து நாளில் அது காட்டிக் கொடுத்துவிடும். அந்தச் சோதனையை முழுசாகப் பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, நெல் நான்கும் போதும். உடைத்த பருப்பும் அரிசியும் முளைக்காது. பூஜைக் கடை நவதானியப் பொட்டலம் எத்தனை வருஷத்துப் பழசு என்று தெரியாது. வண்டு துளைத்த மணிகளும் கிடக்கும். அதனால்தான் சட்டியில் போடுவதற்கு முன் எண்ணிப் பார்ப்பது.

ஒவ்வொரு விதையிலும் 100 மணி. கொழுத்த மணியாகப் பொறுக்கத்தான் பிள்ளைகளின் கை போகும். பொறுக்கினால் கணக்கு பொய்யாகிவிடும். கண்ணை மூடி அள்ளி, அதிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, வரிசைக்கு 10 என 10 வரிசை அடுக்கிச் சுருட்டி, காலையும் மாலையும் நீர் தெளிக்கவும். 8ஆம் நாள் பிரித்து எண்ணலாம். வேரும் குருத்தும் இரண்டும் ஒழுங்காக வந்ததுதான் கணக்கில் சேரும். வெறுமனே தோல் வெடித்தது சேராது. ஊறாமல் கல்லுபோல் கிடக்கும் பயறைச் செத்தது என்று எழுதிவிடாமல் தனியாக எண்ணுங்கள். அதன் தோல் நீரை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். அதையும் சேர்த்துப் பயறில் 75, நெல்லில் 80 தேற வேண்டும் என்பது அரசு விதைச் சான்றளிப்பின் தரம். குறைந்தால் சட்டியில் கூடுதலாகத் தூவுங்கள். பாதிக்கும் கீழே போனால் வேறு விதை பார்ப்பது நல்லது.

ஓர் அடி அகல மண்சட்டி, அடியில் துளை, அதன்மேல் வைக்கோல், பிறகு செம்மண்ணும் உதிர்த்த காய்ந்த சாணமும் மூன்று விரல் உயரம். இரவு ஊறவைத்த விதையைக் காலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தூவி, மெல்லிசாகச் சாண எரு மூடி, இருட்டான மூலையில் வைக்க வேண்டும். ஆடியில் பெங்களூரு குளிரும் தூறலுமாக இருப்பதால் மதுரைக் கணக்கு இங்கே ஒத்துவராது. இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

இங்கே அதிகம் கெடுப்பது தண்ணீர். ஊற்றினால் தண்டின் அடி அழுகிக் கொத்தாகச் சாயும். தெளிக்க மட்டும் செய்யுங்கள். வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் பூஞ்சை என்று பிள்ளைகள் பதறுவார்கள். நீர் தெளித்துப் பாருங்கள்: வேரின் மெல்லிய மயிரான வேர்த்தூவி என்றால் வேரோடு படிந்து மறைந்துவிடும், பூஞ்சை என்றால் நூலாம்படையாக அப்படியே நிற்கும், நாற்றமும் வரும். ஒரு சின்னச் சட்டியை மட்டும் ஜன்னலில் வையுங்கள். இருட்டில் மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்ந்ததும், வெளிச்சத்தில் குட்டையாகப் பச்சையாக நின்றதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விளக்கமே வேண்டாம்.

திருவிழா முடிந்து முளைப்பாரியைக் கரைப்பதற்கு அல்சூர் ஏரி வேண்டாம். 2016 மார்ச்சில் அங்கே மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. கழிவுநீரால் திணறும் ஏரியில் சாணமும் வைக்கோலும் மட்கும்போது மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் அவை இழுத்துக்கொள்ளும். வாளியில் கரைத்து மரத்தடியில் ஊற்றுங்கள். முளையை மாட்டுக்குக் கொடுக்கலாம்.

தேறிய மொச்சையில் நாலு விதையை எடுத்து வைத்து அதே ஆடியில் 20 லிட்டர் பையில் ஊன்றச் சொல்லுங்கள். இங்கே மார்கழியில் கடைவீதியெல்லாம் மணக்கும் அவரேகாய் இதுதான். நாட்டு மொச்சை இரவு நீண்டால்தான் பூக்கும். பால்கனியில் தெருவிளக்கு விடிய விடிய அடித்தால் இலையாகவே படர்ந்துகொண்டிருக்கும். விளக்கு படாத பக்கம் வையுங்கள். ஹெப்பாள் அவரை ரகங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விதை காக்க எனக்கு நாட்டு ரகமே பிடிக்கும். நன்றாகக் காய்த்த கொடியின் சில காய்களைச் சமைக்காமல் விட்டு, கொடியிலேயே காய்ந்து கலகலக்கும்போது பறிக்க வேண்டும்.

பல்லால் கடித்தால் நசுங்காமல் கடக்கென்று உடையும்வரை விதையைக் காயவைத்து, சலித்த சாம்பல் கலந்து, உலர்ந்த நொச்சி அல்லது வேப்பிலையோடு பாட்டிலில் போடலாம். விதைமேல் ஒட்டிய வெள்ளைப் புள்ளி பயறு வண்டின் முட்டை. முட்டை வண்டாகக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். அமாவாசைதோறும் விதையை வெயிலில் காட்டும் வழக்கம் அந்தக் கணக்கோடு பொருந்திப்போகிறது. நாள்காட்டியில் அமாவாசையை வட்டமிடுவது பிள்ளைகள் வேலையாக இருக்கட்டும். சாம்பல் எவ்வளவு, எந்த இலை என்பது ஊருக்கு ஊர் மாறும். ஊரிலிருக்கும் பாட்டிக்குப் போன் போட்டு அவர்களே கேட்டு எழுதட்டும். பாட்டில்மேல் விதையின் பெயர், பறித்த மாதம், நூற்றுக்கு எத்தனை முளைத்தது ஆகிய மூன்றும் வேண்டும்.