நான்கு நாள் காணாமல் போன வெப்கேமரா

ஞாயிறு மாலை ஐந்து மணி. சிங்கப்பூரில் ஏழரை. வயலினோடு தயாராக உட்கார்ந்திருந்த என் மாணவி, "டீச்சர், குரல் கேட்கிறது, உங்களைத்தான் காணவில்லை" என்றாள். ஜூமில் என் கட்டம் முழுக்கக் கறுப்பு. வாய்ப்பாட்டு வகுப்பாக இருந்தால் குரலை வைத்தே நடத்திவிடலாம். வயலினுக்கு அது நடக்காது. வில்லைப் பிடிக்கும்போது கட்டைவிரல் எங்கே மடங்குகிறது, சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு இடக்கை விரல் எவ்வளவு தூரம் இழைகிறது என்று குழந்தை கண்ணால் பார்த்தாக வேண்டும். அன்று வகுப்பை நிறுத்திவிட்டேன்.

லேப்டாப்பை அணைத்துப் போடுவது, ஜூமை நீக்கி மறுபடி நிறுவுவது, விண்டோஸ் அப்டேட் எல்லாம் அன்றிரவே முடிந்தன. அமைப்புகளிலும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். விண்டோஸின் சொந்தக் கேமரா செயலியைத் திறந்தால், கேமராவே இல்லை என்று 4244-இல் முடியும் பிழை எண் வந்தது. லேப்டாப்பில் உள்ள கருவிகளையெல்லாம் விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் கேமரா என்ற பிரிவையே காணோம்.

திங்களன்று வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு கிடைத்த பதில்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். மூன்று வருட வகுப்புப் பதிவுகள் அந்த லேப்டாப்பில்தான் இருக்கின்றன. முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் யாராவது முதல் யோசனையாகவே இதைச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

செவ்வாயன்று ஸ்ரீரங்கத்திலிருந்து 1ஆம் எண் பஸ் பிடித்து சர்வீஸ் சென்டர் போனேன். வாங்கிய ரசீது இல்லாமல் லேப்டாப்பைத் தொடவே மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். காலையில் தொலைபேசியில் கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் ரசீதோடு போனேன். வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கிருந்த இளைஞர் டிவைஸ் மேனேஜரை ஒரு முறை பார்த்தார். "கேமரா போய்விட்டது மேடம். திரையைக் கழற்றி மாற்ற வேண்டும். 4,800 ரூபாய். பாகம் வர ஒரு வாரம் ஆகும்."

"வேறு எதுவும் பார்க்க வேண்டாமா தம்பி?"

"லிஸ்டிலேயே இல்லையே மேடம்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லேப்டாப்பைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றிரவு, கேமராவை வெளியே மலிவாக வாங்க முடியுமா என்று பார்ப்பதற்காக அந்த மாடலின் கையேட்டைத் தரவிறக்கினேன். வலப்பக்க விளிம்பைக் காட்டும் படத்தில், யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி: வெப்கேமரா சுவிட்ச். டார்ச் அடித்துப் பார்த்தேன். அரிசி நீளத்தில் ஒரு நகர்த்தும் பொத்தான், பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கேமரா குறி. வில்லுக்குப் போடும் ரோசின் தூள் இந்த விளிம்பில் படிந்துவிடும். சனிக்கிழமை அதைத் துணியால் அழுத்தித் துடைத்திருந்தேன். அப்போதுதான் நகர்ந்திருக்க வேண்டும். நகத்தால் தள்ளினேன். பென்டிரைவ் செருகினால் வருமே, அந்த ஓசை வந்தது. டிவைஸ் மேனேஜரில் கேமரா வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த சுவிட்ச் கேமராவின் மின் இணைப்பையே துண்டித்துவிடுகிறது. அதனால்தான் விண்டோஸுக்கு அப்படியொரு கருவி இருப்பதே தெரியவில்லை. கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் பட்டியலில் பெயர் இருக்கும், மேலே மஞ்சள் முக்கோணம் நிற்கும். பெயரே இல்லையென்றால், பணம் கொடுக்கும் முன் சுவிட்சைத் தேடுங்கள். சில லேப்டாப்களில் அது எஃப்8, எஃப்10 போன்ற விசையில் கேமரா படத்தோடு இருக்கும். லென்ஸுக்கு முன்னால் சிறிய மூடி இருக்கும் வகையில் கேமரா பட்டியலில் இருக்கும், படம் மட்டும் இருட்டாக வரும். பிழை எண் 4243-இல் முடிந்தால் வேறொரு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

கேமரா செயலியில் என் முகம் தெரிந்தது, ஜூமில் மட்டும் பழைய கறுப்பு. ஞாயிறு இரவுப் பதற்றத்தில் நான் அணைத்துவிட்ட ஒன்றுதான் காரணம். தனியுரிமை அமைப்புகளில் கேமரா பக்கத்தின் மேலே இருக்கும் பட்டியலில் ஜூம் வராது. பக்கத்தின் அடிவரை இறங்கினால், டெஸ்க்டாப் செயலிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டதும் சரியாகிவிட்டது.

வியாழக்கிழமை விட்டுப்போன வகுப்பை எடுத்தேன். வில்லைக் கேமராவுக்கு அருகில் கொண்டுபோய்க் கட்டைவிரலைக் காட்டினேன். "இப்படியா டீச்சர்?" என்று அவளும் தன் வில்லைத் திரைக்கு நேராக நீட்டினாள். விரல் சரியான இடத்தில் மடங்கியிருந்தது.