5 கிலோ மோல்ட்டில் இருந்த சீனி எங்கே போகிறது?

லண்டனில் இருக்கிற மச்சான் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவன். அங்கே 1963 முதல் சொந்தப் பாவனைக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை. இங்கே திருகோணமலையில் சட்டம் இடம் தராது, அதனால் காய்ச்சுவது அவன், கணக்குப் பார்ப்பது நான். உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன் என்பதால் நொதியம், பிஎச் என்று எது வந்தாலும் எனக்குத்தான் வட்ஸ்அப்பில் வரும். கொஞ்ச நாளாக அவனுக்கு ஒரே கவலை: மோல்ட்டை, அதாவது முளைக்க வைத்துக் காயவைத்த பார்லியை, கூட்டிப் போட்டும் சாற்றில் இனிப்பு ஏறவில்லை, மாஷை, அதாவது அரைத்த மோல்ட்டை வெந்நீரில் ஊறவைத்த கூழை, ஒன்றரை மணித்தியாலம் வைத்தும் பலனில்லை.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். நல்ல வெளிர் மோல்ட் ஒரு கிலோவில் இருந்து எடுக்கக்கூடிய உச்ச அளவு ஏறக்குறைய 300 புள்ளி, அதாவது அவ்வளவும் இறங்கிய சாறு மொத்தம் ஒரு லீற்றராக இருந்தால், அடர்த்தியை அளக்கிற ஐதரோமீற்றர் 1.300 காட்டும். 5 கிலோவுக்கு 1500. அவனுக்குக் கிடைத்தது 23 லீற்றர், 1.036. இருபத்துமூன்றை முப்பத்தாறால் பெருக்கினால் 828, அது 1500இல் 55 வீதம். மோசம்தான்.

ஆனால் அவன் அனுப்பிய படத்தில் ஐதரோமீற்றர் மிதந்த குழாய்க்குப் பக்கத்திலேயே வெப்பமானி 40 பாகை காட்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலான ஐதரோமீற்றர்கள் 20 பாகைக்கு அளவிடப்பட்டவை, 40இல் பார்த்தால் ஏறத்தாழ 6 புள்ளி குறைத்துக் காட்டும். அப்படியென்றால் உண்மை அளவு 1.042, வினைத்திறன் 64 வீதம். ஒன்றையும் மாற்றாமலேயே 9 வீதம் திரும்பி வந்துவிட்டது. திருகோணமலை வெயிலில் சாதாரண அறை வெப்பமே 30 பாகை, அதிலேயே இரண்டு, மூன்று புள்ளி பிசகும். மாதிரியை 20 பாகைக்கு ஆறவிட்டு அளக்காமல் வேறு எதைத் திருத்தினாலும் திருந்தியதா இல்லையா என்று தெரியப்போவதில்லை.

சரி, மீதி எங்கே? பலரும் நேரத்தைத்தான் கூட்டுவார்கள். அது தேவையில்லை, வீட்டிலேயே பார்க்கலாம். கெட்டியான அரிசிக் கஞ்சியை 65 பாகைக்கு ஆறவிட்டு, முளைக்க வைத்துக் காயவைத்து அரைத்த குரக்கன் மா ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறுங்கள். அகப்பையில் ஒட்டிக்கொண்டு நின்ற கஞ்சி சில நிமிடத்தில் இளகி, தண்ணீராக ஒழுகத் தொடங்கும். முளைத்த தானியத்தில் இருக்கிற அமிலேசு நொதியம் மாப்பொருளை வெட்டுகிறது. பார்லி மோல்ட்டிலும் இதேதான். நொதியம் அவ்வளவு வேகம், ஆனால் மாப்பொருள் அதன் கைக்கு எட்டவேண்டும். உடையாத மணிக்குள் இருப்பது எத்தனை மணித்தியாலம் வைத்தாலும் அப்படியே கிடக்கும்.

அதனால் அரைத்த மோல்ட்டை ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் படம் அனுப்பச் சொன்னேன். முழு மணிகள் எண்ணுகிற அளவுக்குக் கிடந்தன, சிலது நடுவில் கீறு மட்டும் விழுந்து இரண்டாகப் பிரியாமல் இருந்தது. கடையில் அரைத்தே வாங்குகிறானாம். கடைக்காரர்கள் எல்லாருடைய பாத்திரத்திலும் சாறு அடைக்காமல் ஓடவேண்டும் என்று பருமனாகத்தான் அரைப்பார்கள். அரைக்கிற பொறியின் உருளை இடைவெளியை 1 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கீழே இறக்கி அரைத்தால் உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதி நொறுங்கி, உமி மட்டும் பெரிய துண்டாக நிற்கும். உமி முழுசாக இருப்பது முக்கியம், சாறு வடிவது அதற்குள்ளால்தான். அதையும் சேர்த்து மாவாக்கினால் அடைத்துவிடும். அடைத்தால் நெல் உமி கலப்பார்கள், கந்தளாய்ப் பக்கம் அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கிற அதே உமியை அங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வெப்பநிலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, 65 முதல் 68 வரை காணும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் வெப்பமானியை வைத்துவிட்டு நம்பக்கூடாது. கன்னியா வெந்நீரூற்றில் பக்கத்துப் பக்கத்துக் கிணறே ஒவ்வொரு சூட்டில் இருக்கிற மாதிரி, மாஷிலும் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று இருக்கும். மாவு கட்டி விழாமல் அடிவரை கிளறி, மூன்று நான்கு இடத்தில் பார்க்கவேண்டும்.

அப்புறம் தண்ணீர். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது, நம்முடைய கிணற்றுத் தண்ணீர் கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சாதி. அதில் இருக்கிற இருகாபனேற்று மாஷின் பிஎச்சை மேலே தள்ளும். கருக வறுத்த மோல்ட் போட்டால் அதன் அமிலம் சமன்செய்துவிடும், லண்டன் ஒரு காலத்தில் போர்ட்டர் என்ற கறுப்புப் பியருக்குப் பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். மச்சானோ வெளிர் மோல்ட் மட்டும் போடுகிறவன். பிஎச் 5.8 இருந்தது. லக்ரிக் அமிலம் துளித்துளியாக விட்டு 5.4க்கு இறக்கினான். இனிப்பைக் கூட்டியதில் அரைப்புக்குத்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன், ஆனால் பிஎச் இறங்கியதால் பியரில் முன்பு வாயில் பட்ட துவர்ப்பு இல்லாமல் போனது என்றான், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

அரைப்பு, பிஎச் இரண்டையும் திருத்தி, ஆறவிட்டு அளந்ததில் அதே 23 லீற்றர் 1.048. 1104 புள்ளி, 74 வீதத்துக்குக் கொஞ்சம் கீழே.

இப்போது அவனுக்கு 85 வேண்டுமாம். பெரிய ஆலைகள் அதற்கு மேலேயும் எடுக்கின்றன, அவர்களிடம் மாவாக அரைத்து அழுத்திப் பிழிகிற வடிகட்டிகள் இருக்கின்றன. வீட்டில் அதைத் துரத்தி, மோல்ட்டில் ஒட்டிய இனிப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே போனால் கடைசியில் வருவது உமியின் தனின் என்கிற துவர்ப்புத்தான். ஓடிவருகிற சாறு 1.010க்குக் கீழே போனதும் நிறுத்தவேண்டும், ஊற்றுகிற தண்ணீரும் 77 பாகையைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு முறையும் 74 தவறாமல் வந்தால் எவ்வளவு மோல்ட் போடுவதென்று முன்கூட்டியே தெரியும். ஒரு நாள் 82, மறு நாள் 66 என்றால் கையில் இருப்பது ஒவ்வொரு முறையும் வேறு பியர்.

இன்னும் எடுக்க இடமிருக்கிறது என்றால் வடிப்பதில்தான். ஒரு கிலோ மோல்ட் ஏறத்தாழ ஒரு லீற்றர் சாற்றைக் குடித்து வைத்துக்கொள்ளும், 5 கிலோவுக்கு 5 லீற்றர், அதுவும் இனிப்போடு. கழுவுகிற தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் நன்றாகக் கிளறி, மெதுவாக வடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வடிப்பையும் தனித்தனியே அளந்து அனுப்புவான், பார்ப்போம்.