முதலில் யாருக்குச் சொன்னீர்கள்?

ஒரு நிறுவனத்துக்கோ தலைவருக்கோ பொதுவெளியில் பெயர் கெட்டுவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம், அவர்கள் வெளியிட்ட அறிக்கையை நான் கடைசியில்தான் படிக்கிறேன். பாதிக்கப்பட்டவர்களுக்கு விஷயம் எப்போது, யார் வாயால், எந்த மொழியில் தெரிந்தது என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராகவும், பிறகு ஈப்போவில் ஒரு மக்கள் தொடர்பு அலுவலகத்தில் நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதித் தருபவனாகவும் வேலை பார்த்ததில், செய்தி கேட்டுப் போகிறவனாகவும் செய்தியை அளந்து கொடுக்கிறவனாகவும் இருந்து பார்த்துவிட்டேன். அந்த இரண்டு வேலைகளும் எனக்கு விட்டுச் சென்றது இந்த ஒரு கேள்வியைத்தான்.

தோட்ட நகரத்தில் நற்பெயர் எப்படித் தயாராகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளி நெருங்கும்போது அரிசி மூட்டையும் சமையல் எண்ணெயும் வரிசையாக அடுக்கப்படும். மேடையில் பொன்னாடை போர்த்தப்படும். பின்னர் ஆளுயர மாதிரிக் காசோலை வரும். சில நிகழ்ச்சிகளில் சென்ற ஆண்டுப் பலகையையே எடுத்து வந்து, தொகை எழுதியிருந்த இடத்தில் மட்டும் புதுத் தாளை ஒட்டியிருப்பார்கள். படமெடுக்கும்போது வெளிச்சம் பட்டால் பழைய சுழியங்கள் அடியில் மங்கலாகத் தெரியும். படத்துக்குக் கீழே வாங்கியவரின் பெயர் இருக்காது. கொடுத்தவரின் பட்டம் மட்டும் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. டத்தோ ஸ்ரீயை டத்தோ என்று அச்சிட்டுவிட்டால் மறுநாள் மதியத்துக்குள் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். இதில் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இன் தொடக்கத்தில் நின்றுபோன நாட்டில், பண்டிகை வாழ்த்து விளம்பரத்தை நம்பி மாதத்தை ஓட்டும் நாளிதழ் அந்த விளம்பரதாரரிடம் கறாராகக் கேள்வி கேட்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இப்படிச் சேர்த்து வைத்த படங்கள் எல்லாம் சிக்கல் வந்த நாளில் எதற்குப் பயன்படும் என்பதை எங்கள் வட்டாரத்துச் செம்பனை (பாமாயில்) ஆலை ஒன்றில் நேராகப் பார்த்தேன். அடைமழையில் ஆலையின் கழிவுக் குளத்துக் கரை உடைந்து, கரும்பழுப்பு நிறக் கழிவு தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆற்றில் கலந்துவிட்டது. செம்பனை ஆலைக் கழிவில் எண்ணெயும் அழுகும் கூழும் நிறைந்திருப்பதால், அது நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிப் பிறகு மிதக்கத் தொடங்கும். விடிவதற்குள் அந்தப் படங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பரவிவிட்டன. ஆலை அலுவலகத்திலோ, தலைமையகத்தின் ஒப்புதல் வரும்வரை யாரும் எதுவும் பேசக் கூடாது என்ற சுற்றறிக்கை நடப்பில் இருந்தது. அலுவலக எழுத்தரான கிராணி தொலைபேசியை எடுக்கவில்லை. நிர்வாகி எடுத்தார், தாம் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் அதிகாலை, வேலைக்குமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டில், ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண்மணி மேற்பார்வையாளரான மண்டோரிடம், "அண்ணே, ஆத்துல பிள்ளைங்க இறங்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். மண்டோர் தம் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். "எனக்கும் இதுலதாம்மா தெரியும்" என்றார். கோலாலம்பூர் நாளிதழ் ஒன்றின் இணையப் பக்கம் அதில் திறந்திருந்தது. நிலைமை கட்டுப்பாட்டில் இருப்பதாகவும் சம்பந்தப்பட்ட தரப்புகளுடன் நிறுவனம் ஒத்துழைத்து வருவதாகவும் சொல்லும் மூன்று பத்தி ஆங்கில அறிக்கை. அதை எழுதியவர் கெட்டிக்காரர். சட்டப்படி ஒரு சொல்லையும் பிடித்து இழுக்க முடியாதபடி எழுதியிருந்தார். ஆனால் அந்தக் காலையில் நிறுவனம் இழந்தது மண்டோரை. அதுவரை தோட்டத்தில் நிறுவனத்துக்காகப் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தாம். தம்மையும் அந்நியரோடு சேர்த்து நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, நிறுவனத்தின் சார்பில் ஒரு வார்த்தை பேச அவருக்கு வாய் வரவில்லை.

இதே குறையை நாடே பார்த்த நாள் 2014 மார்ச் 24. மார்ச் 8-ஆம் தேதி 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட எம்எச்370 விமானம், தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்துபோனது என்று பிரதமர் அறிவிக்கவிருந்த இரவில், பயணிகளின் குடும்பத்தாருக்கு விமான நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது. பெரும்பாலானோருக்கு நேரிலும் தொலைபேசியிலும் முன்பே சொல்லிவிட்டோம், குறுஞ்செய்தி கூடுதல் வழி மட்டுமே என்று நிறுவனம் விளக்கியது. தொலைக்காட்சியில் கேட்பதற்கு முன் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் தவறானதல்ல. சொல்லப்போனால், நான் வலியுறுத்தும் வரிசையும் அதுதான். ஆனாலும் மகன் இறந்த செய்தியைக் கைப்பேசித் திரையில் படித்தார்கள் என்பதே உலகத்தின் நினைவில் தங்கியது. எங்கள் ஊரில் சாவுச் செய்தி சொல்ல ஆள்தான் போவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுப் பெரியவரைத் தனியே அழைத்துச் சொல்வார். வரிசை சரியாக இருந்தும், சொல்கிறவர் யாரென்பதில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

மக்கள் தொடர்புப் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் கதை டைலினால் என்ற வலி நிவாரணி மாத்திரையினுடையது. 1982-இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ அந்த மாத்திரைப் புட்டிகளில் சயனைடு கலந்துவிட, ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் ஏறத்தாழ 31 மில்லியன் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பத்து கோடி டாலருக்கு மேல் செலவானதையும், சந்தையில் ஒற்றை இலக்கச் சதவீதத்துக்குச் சரிந்த அந்த மாத்திரையின் விற்பனைப் பங்கு ஓராண்டுக்குள் பெருமளவு மீண்டதையும் வகுப்பில் எல்லாரும் குறித்துக்கொள்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மாத்திரையைச் சாப்பிடாதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொன்னார்கள். பயந்து அழைப்பவர்களுக்காகக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைத் திறந்தார்கள். அதே நிறுவனம் பிற்காலத்தில் குழந்தைகளுக்கான டால்க் பவுடர் விவகாரத்தில் ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்து, பொருள் பாதுகாப்பானது என்றே வாதாடி, 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதன் விற்பனையை நிறுத்தியது. இந்தப் பின்கதையை வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

மலேசியத் தமிழருக்கு இந்தப் பாடம் புத்தகத்திலிருந்து வர வேண்டியதில்லை. மைக்கா ஹோல்டிங்ஸ் என்று சொன்னால் போதும். 1982-இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சி முன்னின்று தொடங்கிய அந்த முதலீட்டு நிறுவனத்தில் 60,000-க்கும் மேற்பட்டோர், அவர்களில் தோட்டப் பாட்டாளிகள் ஏராளமானோர், 100 மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் போட்டார்கள். 1990-இல் தொலைபேசி நிறுவனமான டெலிகோம் மலேசியா பங்குச் சந்தைக்கு வந்தபோது மைக்காவுக்கென்று 10 மில்லியன் பங்குகள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 1 மில்லியன் மட்டுமே மைக்காவுக்குப் போய், மீதி 9 மில்லியன் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போயிருந்த விவகாரம் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே பொதுவெளியில் வெடித்தது. விளக்கங்கள் சொல்லப்பட்டன, ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது, யார்மீதும் குற்றஞ்சாட்டப்படவில்லை. அந்த விளக்கங்கள் சரியா தவறா என்ற வழக்கை நான் இங்கே திறக்கவில்லை. காசு போட்டவர் நாளிதழைப் பார்த்தும் தேநீர்க்கடையில் யாரோ படித்துச் சொல்லியும்தான் அதைத் தெரிந்துகொள்ள நேர்ந்தது என்பதே என் குறை. அதன்பின் கொடுக்கப்பட்ட எந்த விளக்கமும் அவர் காதில் சமாளிப்பாகவே விழுந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் கூட்டுறவு என்றோ பங்கு என்றோ சொல்லி யாராவது வந்தால், வயதானவர்கள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

செம்பனைத் தொழிலின் பெயர் அனைத்துலக அரங்கில் பட்ட பாடு தனிக் கதை. காடழிப்புக் குற்றச்சாட்டுகள் வலுத்த காலத்தில், எப்பிசி மீடியா என்ற லண்டன் நிறுவனம் உலகத் தொலைக்காட்சிகளுக்கு நிகழ்ச்சிகள் தயாரித்துக்கொண்டே, மலேசிய அரசாங்கத்திடம் விளம்பரப் பணிக்குப் பணம் வாங்கிக்கொண்டிருந்தது என்பது 2011-இல் அம்பலமானது. மலேசியாவைப் பற்றிய எட்டு நிகழ்ச்சிகளில் நலன் முரண் இருந்திருக்கக் கூடும் என்று பிபிசி வேர்ல்ட் நியூஸ் 2012 பிப்ரவரியில் உலக நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டது. காசு கொடுத்து வாங்கிய நல்ல பெயர், வாங்கியது தெரிந்த நாளில், கெட்ட பெயரைவிட மோசமாகிவிடுகிறது. எனக்கு அதைவிட உறுத்தியது அந்தப் பணம் யாருடன் பேசச் செலவானது என்பதுதான். குலை வெட்டுகிறவர்களும் மருந்தடிக்கிறவர்களும் அந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கப் போவதில்லை. அவர்களிடம் யாரும் எதையும் விளக்கவும் இல்லை.

அந்த மௌனத்துக்கான விலை பிறகு வந்தது. 2020-ஆம் ஆண்டின் கடைசியில் மலேசியத் தோட்ட நிறுவனமான சைம் டார்பி பிளான்டேஷனின் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்க அமெரிக்கச் சுங்கத்துறை உத்தரவிட்டது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்த கட்டாய உழைப்புக்கான 11 அறிகுறிகளும் தென்பட்டதாக அது காரணம் சொன்னது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே எப்ஜிவி என்ற மற்றொரு மலேசியச் செம்பனை நிறுவனத்தின்மீதும் இப்படியோர் உத்தரவு வந்திருந்தது. சைம் டார்பி மீதான தடை 2023 பிப்ரவரியில்தான் விலகியது. இடைப்பட்ட காலத்தில் அந்த நிறுவனத்துக்கு உதவியது அறிக்கைகள் அல்ல. வேலைக்கு வருவதற்காக முகவர்களிடம் கட்டணம் கட்டியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும், நடைமுறைகளை மாற்றிக் காட்டியதும்தான். தொழிலாளியின் கையில் பணம் போய்ச் சேர்ந்த பிறகே முதலீட்டாளரின் காதில் சொல் ஏறியது. நிதி நாளிதழ்கள் இதைப் பெயர் மீட்பு என்று எழுதின. நான் வரிசை திருத்தம் என்பேன்.

இதையெல்லாம் நிறுவனங்களிடம் சொன்னால் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்பார்கள். முதலில் பேசினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்களுடைய அச்சம். ஆற்றில் இறங்காதீர்கள் என்று சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. சொல்லாமல் விட்டு ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டால், அந்த மௌனமே வழக்கில் சாட்சியாக நிற்கும். மாறாக, பேசியவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் மட்டும் நம் நாட்டில் யாருக்கும் தாமதம் இல்லை. 1957-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் இருக்கிறது. இணையத்தில் எழுதுவோர்மீது பாய, 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு இருக்கிறது. உண்மையிலேயே பொய் பரப்புகிறவர்களிடம் சட்டத்தைக் காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மீன் செத்த படத்தைப் புலனத்தில் போட்ட இளைஞருக்கு நோட்டீஸ் போனால், அதுவரை அந்தப் படத்தைப் பார்க்காத பக்கத்துக் குடியிருப்புத் தாமான்காரர்களும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். இந்த ஊரில் நோட்டீசைவிட வேகமாகப் பரவும் விளம்பரம் கிடையாது.

ஆலை விவகாரம் ஓய்ந்த பிறகு, முன்பே பழக்கமான அந்த நிர்வாகி, இனி இப்படி நடந்தால் என்ன செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். கரை உடைந்தது தெரிந்ததும் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்கும் அதே நேரத்தில் மண்டோர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் கிராமமான கம்பத்தின் தலைவருக்கும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும் கோயில் தலைவருக்கும் நிர்வாகியே தம் குரலில் அழைத்துச் சொல்ல வேண்டும், தமிழிலும் மலாயிலும் வங்காளத்திலும் நான்கு வரி எழுதிப் பெரட்டில் படிக்க வேண்டும், நிருபர்களுக்கான அறிக்கை இவையெல்லாம் முடிந்த பிறகு போனால் போதும் என்று எழுதினேன். என்ன நடந்தது, என்ன தெரியவில்லை, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்ற மூன்றைத் தவிர அந்த நான்கு வரியில் வேறு எதுவும் வேண்டாம் என்றும் சேர்த்தேன். அவர் படித்துவிட்டு, இதில் மறுக்க எதுவுமில்லை என்றார். பிறகு அதைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். சட்டப் பிரிவு பார்க்க வேண்டுமாம். ஆங்கிலத்தில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. சுற்றறிக்கை நடப்பில்தான் இருக்கிறது.