இரண்டு நிமிடச் சாட்சியத்துக்கு இரண்டு பயணங்கள்

அரசமைப்புச் சட்டத் திருத்த மாநாடு கூடினால் எங்கள் மாநிலம் யாரை, எப்படி அனுப்பும் என்பதை வரையறுக்கும் மசோதா சட்டமன்றக் குழுவின் விசாரணைக்கு வந்தது. அமெரிக்கக் குடிமகள் என்ற முறையில் எனக்கிருந்த ஓர் ஆட்சேபத்தைப் பதிவு செய்ய, மூன்று மணி நேரம் காரோட்டித் தலைநகருக்கு இரண்டு முறை செல்ல வேண்டியதாயிற்று. முதல் பயணம் முழுவதும் வீண்.

பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது குறித்து மாநிலத்தில் இப்போது என்ன சட்டம் இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டபோது, அலுவலக எழுத்தர் ஓர் அத்தியாயத்தை அனுப்பிவைத்தார். அதை நம்பி நான்கு பக்கம் எழுதினேன். விசாரணை அறைக்கு வெளியே காத்திருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "அம்மா, இது வேறு மாநாடு" என்றார். 1933இல் மதுவிலக்கை நீக்கிய 21ஆவது திருத்தத்தை ஏற்பதற்காக மாநிலங்களில் நடந்தவை ஒப்புதல் மாநாடுகள். அவற்றின் பிரதிநிதிகளைப் பெரும்பாலும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். என்னிடம் இருந்தது அந்த வகைச் சட்டம். மசோதா பேசியதோ, 34 மாநிலங்கள் கோரினால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூட்ட வேண்டிய, திருத்தங்களை முன்மொழியும் மாநாட்டைப் பற்றி. அப்படியொரு மாநாடு இதுவரை கூடியதே இல்லை. அதன் பிரதிநிதிகளை யார் தேர்ந்தெடுப்பது என்று அரசமைப்பின் 5ஆம் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. எழுத்தர் "எந்த மாநாடு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும். தவறான சாட்சியம் பதிவேட்டில் நிற்கக் கூடாது என்று பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினேன். நல்வாய்ப்பாக விசாரணை அன்று முடியாமல் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று.

இரண்டாவது முறை பெயர்ப் பதிவு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் முந்தைய இரவே மசோதாவுக்குப் பதிலாக மாற்று வரைவு தாக்கல் செய்யப்பட்டிருந்ததால், நான் மேற்கோள் காட்டியிருந்த உட்பிரிவு எண்கள் அனைத்தும் மாறிவிட்டிருந்தன. சாட்சியம் சொல்லப் போகிறவர்கள் அன்று காலையில் மாற்று வரைவு உண்டா என்று கேட்டு, அதன் அச்சுப்படியைக் கையில் வாங்கிய பிறகே பெயர் கொடுங்கள். அன்றைய அவைக் கூட்டம் முடிந்த பிறகுதான் குழு கூடும் என்பதால் சாப்பாடும் எடுத்துச் செல்லுங்கள்; நான் ஆறரை மணி நேரம் காத்திருந்தேன்.

பிரதிநிதிகளைச் சட்டமன்றமே நியமிக்கும், அதன் அறிவுறுத்தலை மீறி அளிக்கும் வாக்கு செல்லாது, தெரிந்தே மீறினால் கடுங்குற்றம் என்பது இந்தியானா மாநிலம் 2013இல் இயற்றிய சட்டத்தின் சாரம். எங்கள் வரைவும் அதே வழியில்தான் சென்றது. மக்கள் வாக்கு இல்லாதது எனக்கு வருத்தமே என்றாலும், இரண்டு நிமிடத்தில் அதை வாதிட முடியாது என்று ஒரே குறையைப் பிடித்துக்கொண்டேன்: மாநிலத்தின் வாக்கை அளிக்க எத்தனை பிரதிநிதிகள் அவையில் இருக்க வேண்டும் என்று வரைவு சொல்லவில்லை. 1787இல் அரசமைப்பை வரைய பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டுக்கு நியூயார்க் மூவரை அனுப்பியது. அவர்களில் யேட்ஸும் லான்சிங்கும் ஜூலையில் வெளியேறிவிட, இடையில் ஊர் சென்றிருந்த மூன்றாமவர் ஹாமில்டன் திரும்பி வந்தும் தனியொருவராக மாநிலத்தின் வாக்கை அளிக்க இயலவில்லை. இதைச் சொல்லி முடிக்கும்போது மணி அடித்துவிட்டது.

எழுந்து நடக்கத் தொடங்கியபோது, ஓர் உறுப்பினர் என்னை மீண்டும் அமரச் சொல்லி, ஒருவர் பதவி நீக்கப்பட்டால் மாற்றுப் பிரதிநிதி உடனே வாக்களிக்கலாமா என்று கேட்டார். கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம் இரண்டு நிமிடக் கணக்கில் சேராது. ஆகவே எழுத்து வடிவச் சாட்சியத்தில் உறுப்பினர்கள் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க இடம் விட்டுவையுங்கள். வரைவு அதைப் பற்றியும் மௌனமாக இருப்பதைப் பக்க எண்ணுடன் காட்டினேன்.

பத்து நாள் கழித்து வெளியான திருத்தப்பட்ட வரைவில், குறைந்தபட்ச எண்ணிக்கையும், மாற்றுப் பிரதிநிதி அக்கணமே இடத்தை ஏற்பார் என்ற வரியும் சேர்ந்திருந்தன. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். மசோதா இன்னும் மேலவைக்குச் செல்லவில்லை. அங்கே விசாரணை அறிவிக்கப்பட்டால், பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு மறுபடியும் பெயர் கொடுப்பேன்.