ஸ்னோமொபைலுக்கு விளக்குள்ள கைக்காப்பு

கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் சனவரி மாத மாலைகள் சீக்கிரமே இருட்டிவிடுவதால், பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் விரல்களைக் குளிர்காற்றிலிருந்து காக்கும் கைக்காப்பில் எல்இடி விளக்கும் இருப்பது எதிரே வருபவருக்கு வண்டியின் அகலத்தைக் காட்டும் நல்ல பாதுகாப்பு என்று உறுதியாக நம்புகிறேன். வாங்குமுன், ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்பினாலும் காப்பு முன்கண்ணாடியில் இடிக்காமலும், பிரேக், த்ராட்டில் நெம்புகோல்களைத் தடுக்காமலும் இருக்குமா என்று பார்க்க வேண்டும்.

மின் இணைப்புதான் கவனத்தைக் கோருவது. இன்ஜினோடு சேர்ந்து மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டர் தருவது மாறுதிசை மின்சாரம் (ஏசி). பேட்டரி இல்லாத பழைய வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்குக்கும் கைப்பிடிச் சூடேற்றிக்கும் அதுவே நேராகச் செல்கிறது. எல்இடிக்கு வேண்டியதோ நேர்திசை மின்சாரம் (டிசி). ஆகவே இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி, டிசி என இரு நிலைகளிலும் வைத்து அளந்த பிறகே கம்பியைத் தொட வேண்டும். மாறுதிசையாக இருந்தால், அதை நேர்திசையாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும், அதன் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் மின்தேக்கியும் தேவை. அவற்றைச் சேர்த்தபின் மின்னழுத்தம் 15 வோல்ட்டைத் தாண்டக்கூடும் என்பதால், 9 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் விளக்கையே நான் தேர்ந்தெடுப்பேன். ரெக்டிஃபையரின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையை வண்டியின் சட்டத்தோடு இணைக்காமல், விளக்குக்குத் தனிக் கம்பியாகவே கொண்டுசெல்ல வேண்டும். ஏனெனில் பல வண்டிகளில் ஸ்டேட்டர் சுருளின் ஒரு முனை ஏற்கெனவே சட்டத்தோடு இணைந்திருக்கும்; இதையும் அதோடு சேர்த்தால் குறுக்குச்சுற்று ஏற்படும்.

கடுங்குளிரில் கம்பியின் பிவிசி உறை விறைத்து விரிசல் விடக்கூடும் என்பதால், சிலிகோன் உறையுள்ள கம்பியே ஏற்றது. மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் கம்பியைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும்.