லம்போர்கினி மார்சால், 1:24: கதவு வரை வந்தாச்சு

கார் மாடல் செய்யும்போது உள்பக்கம் வேண்டாமென்றால் ஜன்னலுக்குக் கறுப்பு அடித்துவிடலாம். மார்சாலில் அதற்கு வழியே இல்லை. கதவு முழுக்கக் கண்ணாடி: மேலே ஒரு பாளம், கீழே ஒரு பாளம், நடுவில் ஒல்லியாக ஒரு பட்டை. உட்கார்ந்திருப்பவரின் பாதம் வரை வெளியே தெரியும். அதனால் பாடியை ஓரமாக வைத்துவிட்டு இருக்கையில் இருந்து வேலையை ஆரம்பித்தேன்.

1967 ஜெனீவா கார் கண்காட்சிக்காக இத்தாலியின் பெர்தோனே வடிவமைப்புப் பட்டறையில் மார்செல்லோ காந்தினி வடிவமைத்தது. ஒரே ஒரு கார்தான் செய்தார்கள். லம்போர்கினியின் இரண்டு சீட் காரான மியூராவின் சேசிஸை (அடிச்சட்டத்தை) 12 செ.மீ. நீட்டி நாலு பேருக்கு இடம் பிடித்தார்கள். என்ஜின் மியூராவின் பன்னிரண்டு சிலிண்டர் வி12-இல் சரிபாதி: 2 லிட்டர், ஆறு சிலிண்டர், 175 குதிரைத்திறன், பின் அச்சுக்கும் பின்னால் குறுக்காக. அந்த மே மாதம் மொனாக்கோ கிராண்ட் பிரீ பந்தயம் தொடங்கும் முன் அந்நாட்டு இளவரசர் ரெய்னியர், மனைவி கிரேஸைப் பக்கத்தில் உட்காரவைத்து இதை ஓட்டிச் சுற்றிவந்தார்.

பக்கவாட்டுப் படங்களை வைத்துத்தான் அளவெடுத்தேன். வீல்பேஸ் (முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்) 2620 மி.மீ., 24-இல் ஒரு பங்கான மாடலில் 109. மற்ற எல்லா அளவையும் அதிலிருந்தே பிடித்தேன்.

இந்தக் காரில் எங்கே பார்த்தாலும் அறுகோணம். டேஷ்போர்டிலும் அதுதான், பின்பக்கத் தடுப்பிலும் அதுதான். தேன்கூடு மாதிரியான அந்தப் பின்தடுப்பை அட்டையில் வெட்டினால் ஓரம் பிசிறடிக்கும். மெல்லிய அலுமினியப் பட்டையை 2 மி.மீ. ஆலன் கீ (அறுகோணக் கம்பிச் சாவி) மேல் சுற்றி, ஆறு மூலையையும் நகத்தால் அழுத்தி, பசை வைத்துக் கழற்றினேன். ஒவ்வொன்றும் ஒரு அறை. வரிசையாக ஒட்டிக்கொண்டே போனதும் ஒரிஜினலின் கனம் அப்படியே வந்தது. இதுவரை செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த பாகம் இதுதான்.

இருக்கை வெள்ளி நிறம். முதலில் பளபளப்பான கறுப்பு, அது நன்றாகக் காய்ந்தபின் மேலே மெல்லிசாக வெள்ளி. நேராக வெள்ளி அடித்தால் சாம்பல் பூசியதுபோல மங்கிவிடும்.

கூரைக் கண்ணாடிக்குக் குமிழ் மரத்தில் அச்சு செதுக்கி, நைஸ் உப்புத்தாள் போட்டு, சூடாக்கிய PET பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் இழுத்தேன். மரத்தில் ஒரு கீறல் இருந்தாலும் கண்ணாடியில் பதியும். அச்சைத் தேய்க்கத்தான் அதிக நேரம். கதவுப் பாளங்களை ஒட்ட வெள்ளைப் பசைதான். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் கண்ணாடியில் வெண்படலம் படிந்துவிடும்.

இப்படிக் கால் வரை எல்லாம் தெரிவது கம்பெனி நிறுவனர் ஃபெருச்சியோ லம்போர்கினிக்குப் பிடிக்கவில்லை. உள்ளே இருக்கும் பெண்ணின் கால்களை ஊரே பார்க்கும் என்றாராம். 1968-இல் வந்த லம்போர்கினி எஸ்பாடா இதே நாலு சீட் யோசனையைச் சாதாரணக் கதவோடு எடுத்துக்கொண்டு ஆயிரத்துக்கும் மேல் விற்றது. நல்ல கார்தான். ஆனால் மார்சாலின் துணிச்சல் அதில் இல்லை. அந்தக் கதவுக்காகவே நான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

மிச்சம் இருப்பது கீல். கதவு மேல்நோக்கித் திறந்து அப்படியே நிற்க வேண்டும். 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியைக் கூரையின் நடுப்பட்டைக்குள் குழாயில் செருகிப் பார்க்கப் போகிறேன். பிடிமானம் போதவில்லையென்றால் குழாயை லேசாக நசுக்கினால் இறுகிக்கொள்ளும். அது சரியானபிறகுதான் பெயின்ட்.