கூழ் வாங்காதவன்

1986இல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் தொழுநோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பாராமெடிக்கல் வொர்க்கர். பெயர்தான் பெரியது. கையில் இருந்தது ஒரு சைக்கிள், ஒரு காக்கிப் பை, குடியாத்தம் பக்கத்தில் 12 கிராமங்கள். வீடு வீடாகப் போய் யாருக்காவது தேமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பால்பாயிண்ட் பேனா முனையால் லேசாகத் தொட்டு, "கண்ணை மூடிக்கிட்டு, தொட்ட இடத்தைக் காட்டுங்க" என்போம். காட்டத் தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் உணர்ச்சி போயிருக்கிறது, தொழுநோய்தான் என்று கார்டு போட்டு மருந்து ஆரம்பிப்போம்.

என் பெயரைக் கேட்டாலே வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்று தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி ஜீப்பில் சிலுவை வேறு. 1981இல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இஸ்லாத்துக்கு மாறியது, அடுத்த வருஷமே மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் என்று மதமாற்றப் பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டிருந்த காலம். காசு வாங்காமல் மாத்திரை கொடுக்கிறான், புண்ணைக் கழுவுகிறான், செருப்புகூடத் தருகிறான் என்றால் சும்மாவா செய்வான்? "எலிப்பொறியில மசால்வடை வெச்சிருக்கான், பார்த்து" என்று ஒரு அம்மா என் காதுபடவே சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அந்த முதல் வருஷத்தில், 28 நாளுக்கான மாத்திரைக் கவருக்குள் இயேசுவைப் பற்றிய ஒரு கைப்பிரதியையும் மடித்து வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "என்ன தம்பி, எத்தனை ஆத்துமா?" என்று, எத்தனை பேரைச் சர்ச்சுக்குக் கொண்டுவந்தேன் என்று, கேட்கிற பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

ஒரு வீட்டில் அந்தக் கவர் அப்படியே சாக்கடையில் கிடந்தது. காகிதத்தோடு ஒரு மாத மருந்தும் போயிற்று. எங்கள் சூப்பர்வைசர் தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு முழங்காலில் நின்று ஜெபிக்கிற மனுஷன். அவர் என் பையை மேஜையில் கொட்டி, பிரதிகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். "மாத்திரைப் பையில மாத்திரைதான் இருக்கணும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அதே ஊரில் பீடி சுற்றுகிற ஒரு பெண் இருந்தார், முப்பது வயது இருக்கும். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றியவர், அறுநூறைத் தாண்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்திருந்தன. முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தால் பென்சில் கனத்துக்குத் தடித்திருந்தது. விரல் நுனியில் ஒரு கொப்புளம். எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. துணி பிடிக்காமல் குழம்புச் சட்டியை இறக்கியிருக்கிறார், சுடவே இல்லை. விரல்களை நோய் தின்றுவிடுகிறது என்றுதான் காலங்காலமாக எல்லோரும் நம்பினார்கள். வலி தெரியாததால் படுகிற காயங்கள்தான் விரலைக் கொண்டுபோகின்றன என்று எடுத்துக்காட்டியவர், 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். எங்கள் பயிற்சியில் முதல் பாடமே அதுதான்.

கூட்டு மருந்து அப்போது புதிது. உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில்தான் அதைப் பரிந்துரைத்திருந்தது. மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசினை எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும், மற்ற மாத்திரைகளைத் தினமும் வீட்டில் சாப்பிட வேண்டும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது 23 வயது. ஒரு பெண்ணிடம் சிறுநீரைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு, சொல்லாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் ஊருக்குள் நுழையும்போதே டீக்கடையில் நாலு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்கள். வேதக்காரன் கொடுத்த மாத்திரையில் ரத்தமாகப் போகிறதாம். நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெண்ணின் மாமனார். வேட்டியைக் கணுக்கால் வரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சிவப்புக்குக் காரணத்தைச் சொன்னேன். நேற்றே சொல்லாதது என் தப்பு என்பதையும் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். உனக்கு இதுல இன்னா கிடைக்குது?"

"சேவைங்க ஐயா."

"சேவைன்னா?"

இயேசுவின் அன்பு, அது இது என்று வழக்கமாகச் சொல்வது வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை. "மாசம் 640 ரூபா சம்பளம்ங்க. மருந்தைப் பாதியில விட்டவங்க கணக்கு கூடிச்சுன்னா சூப்பர்வைசர்கிட்ட திட்டு விழும்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சைக்கிளை விட்டுவிட்டார்கள். சும்மா செய்கிறவனைத்தான் நம்ப முடியவில்லை போல. கூலிக்குச் செய்கிறவன் எல்லோருக்கும் தெரிந்த ஆள்தானே.

நான் கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டார். "போன ஆடியில கோயில்ல கூழ் ஊத்தினோம். நீ ஏன் வாங்கலே?"

"வயிறு சரியில்லைங்க."

"பொய் சொல்லாதே. நாங்க குடுத்தா நீ வாங்க மாட்டே, நீ குடுத்தா நாங்க வாங்கணும். இது எந்த ஊரு நியாயம்?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் எல்லை வரைக்கும் நடந்தேன். அவர்கள் என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தவன் நான். சாமிக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா பக்கத்து வீட்டுப் பொங்கலையே வாங்கி மாட்டுக்குப் போட்டுவிடுவார். பக்கத்து வீட்டுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் கொல்லிமலைக் கதையை எடுத்தார். பால் பிராண்டின் அப்பா அம்மா அங்கே மிஷனரிகள், பிராண்டே 1914இல் அங்கேதான் பிறந்தார். பல வருஷம் மலையில் யாரும் அவர்களோடு சேரவில்லை. அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, யாரும் நெருங்காத அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்துக்கொண்டது இவர்கள்தான். பூசாரி தன் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். சின்ன வயதிலிருந்து சர்ச்சில் கண் கலங்கக் கேட்ட கதை. அன்றைக்குத்தான் எனக்கு வேறு விதமாகவும் தோன்றியது: இதே கதையை மலையில் இன்னொருவர் சொன்னால், "கடைசியில பிள்ளையை எடுத்துக்கிட்டாங்க பார்த்தியா" என்றுதானே முடிப்பார்? சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லவில்லை.

மூணு மாசம் கழித்துப் பெரியவரே தன் வேட்டியைத் தூக்கினார். இடது உள்ளங்காலில் எட்டணா அகலத்துக்கு ஒரு குழி. எத்தனை வருஷமாக மறைத்து வைத்திருந்தாரோ. பேனா முனையை எங்கே வைத்தாலும் தெரியவில்லை. தண்ணீரில் இருபது நிமிஷம் காலை ஊற வைத்து, ஓரத்துக் காய்ப்பைச் சுரண்டி, எண்ணெய் தடவிக் கட்ட வேண்டும். பேசினில் காலைப் பிடித்து வைத்தபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாரா, என் சாதி என்ன என்று யோசிக்கிறாரா? இரண்டும் இருந்திருக்கும். வேதக்காரன் என்றால் சேரிக்காரன் என்பதும் அந்த ஊர்க் கணக்கில் இருந்தது. நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எளிதில் ஒட்டாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அன்றைக்கு ஆற்றங்கரையில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

காகிதத்தில் காலை வரைந்து அளவெடுத்து எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு கொண்டுவந்தேன். "குஷ்டக்காரன் செருப்பு" என்று ஊருக்கே அடையாளம் தெரியும் என்பதால் ஆறு வாரம் அது பரணில் கிடந்தது. அப்புறம் ஒருநாள் போட்டுக்கொண்டு டீக்கடைக்கே வந்தார். புண் ஆற மூன்று மாசம் ஆனது. ஒரு தடவை கட்டுப் போட்டு முடித்ததும், "ஏதோ கண்ணை மூடிச் சொல்வீங்களே, அதைச் சொல்லு" என்றார். கைப்பிரதி விவகாரத்துக்குப் பிறகு ஊருக்குள் நான் ஜெபம் என்ற வார்த்தையையே எடுத்ததில்லை. தயங்கி, இரண்டு வரியில் முடித்தேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, மாடத்திலிருந்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார்.

அந்த ஊரிலிருந்து ஒருவர்கூட எங்கள் சர்ச்சுக்கு வந்ததில்லை. ஆத்துமாக் கணக்குக் கேட்டவர்களும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆடி, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நேராகச் சைக்கிளில் போனேன். படைத்ததைச் சாப்பிடுவதைப் பற்றி பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் இரண்டு பக்கத்துக்கும் வசனம் கிடைக்கும். வழியெல்லாம் இரண்டையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மன் கோயில் வாசலில் அண்டா. எல்லோர் கையிலும் சொம்பு, நான்தான் எதுவும் கொண்டுபோகவில்லை. பெரியவர் தன் சொம்பை நீட்டினார். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தது அவர் மருமகள்தான், சுண்டுவிரல் மடங்கிய கையால். சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை. கூட்டம் கொஞ்சம் அமைதியானது. அந்தச் சொம்பிலேயே வாய் வைத்துக் குடித்தேன். பாதியில் மூச்சு வாங்க நிறுத்தியபோது பெரியவர் பக்கத்தில் வந்து கேட்டார்:

"வயிறு சரியா இருக்குதா தம்பி?"